பாடும் பலகை

தஞ்சாவூர் வீணைக்குப் பலா எப்படியோ, மேல்நாட்டுக் கிதாருக்கு ஸ்ப்ரூஸ் என்னும் மரம் அப்படி. பலாவையாவது நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். அதன் சுளையைத் தின்று மகிழ்ந்திருக்கிறோம். ஸ்ப்ரூஸோ குளிர் தேசத்து ஊசியிலை மரம். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சீட்டில் பனி படர்ந்த சித்திரமாக அதைப் பார்த்தவர்களே நம்மில் அதிகம். ஆயினும் அந்த மரம் நம் செவிக்கு அந்நியமானதன்று. பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து நமது கச்சேரி மேடையில் இடம் பெற்றுவிட்ட பிடிலின் மேற்பலகையும் ஸ்ப்ரூஸ்தான். பக்க வாத்தியத்தில் நாம் கேட்டு உருகும் நாதம், கல்யாணியாயினும் தோடியாயினும், எங்கோ ஒரு பனிமலைச் சரிவில் வளர்ந்த மரத்தின் வழியாகவே நம்மை வந்து அடைகிறது.

கடையில் தொங்கும் கிதாரோடு திருப்தியடையாமல், தங்களுக்கென்று ஒன்று செய்து தரும்படி வாத்தியத் தச்சரிடம் போய் நிற்கும் வழக்கம் இப்போது நம் வாலிபர்களிடமும் யுவதிகளிடமும் பரவி வருகிறது. நல்ல வழக்கந்தான். கைத்தொழில் பிழைக்க வேண்டுமானால் கைத்தொழிலாளியைத் தேடிப் போகிறவர்கள் வேண்டும். ஆனால் தச்சர் கேட்கும் முதற் கேள்வியிலேயே பலர் திகைத்துப் போகிறார்கள். மேற்பலகைக்கு எந்த ஸ்ப்ரூஸ் வேண்டும்? ஸிட்காவா, எங்கல்மனா, அடிராண்டாக்கா, ஐரோப்பாவிலிருந்து வருவதா? விலையில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கும். பார்க்கப் போனால் நான்கும் வெள்ளைப் பலகைகள்! கொடுக்கப் போவதோ பல மாதச் சம்பாத்தியம். இந்த நிலையில் ஒருவர் எதைப் பார்த்து முடிவு செய்வது?

முதலில், அந்தப் பலகை என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தந்தி தனியாகப் பாடாது. இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி மீட்டிப் பாருங்கள். கொசு முனகுவது போல் ஒரு சப்தம் வரும், அவ்வளவுதான். அந்தக் கம்பியின் துடிப்பைக் குதிரையின் வழியாக வாங்கிக்கொண்டு, அகன்ற பரப்பாகத் தானும் துடித்து, அறை முழுவதிலுமுள்ள காற்றை அசைப்பது மேற்பலகை. கிதாரின் குரல் என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு இதனுடையது. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசையை இதன்மேல் செலுத்துகின்றன. அதாவது நன்றாக வளர்ந்த ஒரு மனிதர் இரவு பகலாக அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். பலகையின் கனமோ மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. கனத்தை அதிகப்படுத்தினால் உடையாது, ஆனால் பாடாது. குறைத்தால் அழகாகப் பாடும். ஆனால் ஒரு நாள் வயிறு உப்பி வளைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய வரப்பில் நடந்து போவதுதான் கிதார் தச்சரின் வித்தை.

ஆகவே, இலேசாக இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்று ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்களை ஒரே மரத்தில் எதிர்பார்க்கிறோம். ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் சுமார் 400 முதல் 450 கிலோ எடை இருக்கும். நமது தேக்கு 600ஐத் தாண்டும். ஈட்டி மரம் 800ஐத் தாண்டும். இவ்வளவு இலேசான மரம் நார் ஓடும் திசையில் வியக்கத்தக்க விறைப்பு உடையது. காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும் ஒலி, ஸ்ப்ரூஸின் நாரோடு 5,000 மீட்டருக்கு மேல் பாய்ந்து செல்கிறது. இந்தக் குணத்தைச் சங்கீத வித்துவான்கள் மட்டுமா கண்டார்கள்? யுத்தம் செய்கிறவர்களும் கண்டுகொண்டார்கள். முதல் உலக யுத்தத்தின்போது, 1917லும் 1918லும், ஆகாய விமானங்களுக்கு வேண்டிய ஸ்ப்ரூஸை வெட்டி எடுப்பதற்கென்றே அமெரிக்க ராணுவம் தனிப் படைப் பிரிவு ஒன்றை வைத்து, பஸிபிக் கரையோரக் காடுகளில் சிப்பாய்களைக் கோடரியோடு இறக்கியது. இரண்டாம் யுத்தத்தில் பிரிட்டிஷார் பறக்கவிட்ட ‘மாஸ்கிட்டோ’ விமானத்திலும் இந்த மரம் உண்டு. குண்டு போடுவதற்கும் பாட்டுப் பாடுவதற்கும் ஒரே பலகை உதவியது என்பதில் மரத்தின் குற்றம் ஒன்றுமில்லை.

மேற்பலகையே பிரதானம் என்பதை அன்டோனியோ டி டோரஸ் என்னும் ஸ்பெயின் தேசத்துத் தச்சர் விநோதமான முறையில் நிரூபித்துக் காட்டினார். 1817ல் பிறந்து 1892ல் காலமான இவரே இன்றைய ஸ்பானிஷ் கிதாருக்கு உருவம் கொடுத்தவர். 1862ல் இவர் ஒரு கிதார் செய்தார். மேற்பலகை நல்ல ஸ்ப்ரூஸ். முதுகும் பக்கங்களுமோ வெறும் காகித அட்டை! அந்த வாத்தியம் பார்ஸலோனா சங்கீதக் காட்சிசாலையில் இருக்கிறது. காகித முதுகோடு கூட நல்ல குரல் வரும் என்று அவர் காட்டிவிட்டார். அதன் பிறகும் உலகம் முதுகுப் பலகைக்கே பணத்தைக் கொட்டி வருகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனித் தச்சர் பலகையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்ப்போம். பார்ப்பதற்கே சுவாரஸ்யமான காரியம் அது.

மரத்தை அறுப்பதற்கு முன் ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். வாள் தன் இஷ்டப்படி போகும்; ஆப்போ நார் போகிற வழியில்தான் போகும். பல மரங்கள் வளரும்போதே சற்று முறுக்கிக்கொண்டு வளர்கின்றன. அத்தகைய மரத்தை நேராக அறுத்தால் பலகை நேராக இருக்கும், நார் குறுக்கே வெட்டுப்பட்டுப் போகும். வெட்டுப்பட்ட நாரில் பலமும் குறையும், விறைப்பும் குறையும். இந்தக் குறையை வாங்குகிறவர் தாமே கண்டுபிடிக்கலாம். மேற்பலகை என்பது ஒரே கட்டையிலிருந்து அறுத்த இரண்டு துண்டுகளைப் புஸ்தகம் விரிப்பது போல் விரித்து நடுவில் ஒட்டியதல்லவா? வெளிச்சத்துக்கு எதிரே அதைப் பிடியுங்கள். இடப்பாதி பளிச்சென்றும் வலப்பாதி மங்கலாகவும் தோன்றி, பலகையைத் தலைகீழாகத் திருப்பினால் பளிச்சென்றது மங்கி, மங்கியது பளிச்சிடுமானால், நார் சாய்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை. மிகுதியாக இருந்தால், வேறு பலகை காட்டச் சொல்வதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தபடி ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டு வளையங்கள் பலகையின் ஓரத்தில் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் குறுக்கு விறைப்பு விரைவில் குறைந்துவிடும். ஈரத்தில் ஊதுவதும் வறட்சியில் சுருங்குவதும் அதிகமாகும். சரியாக அறுத்த பலகையின் முகத்தில், ரேகைகளுக்குக் குறுக்கே காஞ்சிபுரம் பட்டின் ஊடிழை மாதிரி ஒரு மினுமினுப்புத் தெரியும். ஆங்கிலேயத் தச்சர்களும் அதைப் ‘பட்டு’ என்றே அழைக்கிறார்கள்.

பிறகு வருகிறது தட்டிப் பார்க்கும் படலம். பலகையின் மேல் விளிம்பிலிருந்து ஏறக்குறையக் கால் பாகத்தில் இரண்டு விரலால் இலேசாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, விரல் முட்டியால் நடுவில் தட்டுகிறார் தச்சர். மண்பானை வாங்கும் பாட்டி செய்வதும் இதுதானே? நல்ல பலகை ‘ணங்’ என்று ஒலித்து, அந்த ஒலி சிறிது நேரம் நின்று மறையும். சோப்ளாங்கிப் பலகை ‘தொப்’ என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும். இதில் ஓர் எச்சரிக்கை. ஒலி உயர்ந்த ஸ்தாயியா தாழ்ந்த ஸ்தாயியா என்பது பலகையின் நீள அகலத்தையும் கனத்தையும் பொறுத்தது; அதை வைத்து நல்லது கெட்டது சொல்லக் கூடாது. எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பதே கேட்க வேண்டியது. இக்காலத்துத் தச்சர் சிலர் காதை மட்டும் நம்பாமல், பலகையை நிறுத்துப் பார்த்து, நடுவில் ஓர் எடையை வைத்து எவ்வளவு வளைகிறது என்று அளந்து, கணக்குப் புஸ்தகத்தில் எழுதி வைக்கிறார்கள். கேலி செய்ய வேண்டாம். காதுக்குச் சளி பிடிக்கும், தராசுக்குப் பிடிக்காது.

இப்போது அந்த நான்கு ஜாதிகள். அலாஸ்காவிலிருந்து வட கலிபோர்னியா வரை பஸிபிக் கரையோரம் வளர்வது ஸிட்கா. சற்று இளஞ்சிவப்பு நிறம், பலமானது, மெதுவாக மீட்டினாலும் வேகமாக அடித்தாலும் ஈடு கொடுக்கும். உலகத்து எஃகுத் தந்திக் கிதார்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். ராக்கி மலையில் உயரத்தில் வளரும் எங்கல்மன் வெண்ணெய் நிறம், இலேசு, விரல் நுனியின் மெல்லிய தீண்டலுக்கே வாய் திறக்கும், பலமாக அடித்தால் திணறும். அமெரிக்காவின் கீழ்ப்புறத்து மலைகளில் வளரும் சிவப்பு ஸ்ப்ரூஸைத்தான் வியாபாரிகள் அடிராண்டாக் என்கிறார்கள். எவ்வளவு பலமாக அடித்தாலும் கலங்காது. மார்ட்டின் கம்பெனியார் 1940களின் மத்தி வரை இதையே பெரும்பாலும் உபயோகித்தார்கள். பெரிய மரங்கள் அருகிப் போகவே ஸிட்காவுக்கு மாறினார்கள். ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் ஆல்ப்ஸ் மலைகளிலும் அவற்றைச் சூழ்ந்த நாடுகளிலும் வளர்வது; பிடிலுக்கும் ஸ்பானிஷ் கிதாருக்கும் பரம்பரையாக உரியது.

இப்படி ஜாதிக்கு ஒரு குணம் சொன்னாலும், அதைக் கல்லில் எழுதிய சட்டமாகக் கொள்ள வேண்டாம். ஒரே ஜாதியில் ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு ஜாதிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடும் என்று அனுபவமுள்ள தச்சர்களே சொல்கிறார்கள். மனிதர் விஷயத்தில் நாம் எவ்வளவோ சிரமப்பட்டுக் கற்றுவரும் பாடம் மர விஷயத்திலும் உண்மையாக இருக்கிறது!

ஆகையால், தச்சர் கேட்கும் கேள்விக்கு மரத்தின் பெயரைப் பதிலாகச் சொல்வதைக் காட்டிலும், நீங்கள் வாசிக்கும் விதத்தைச் சொல்வது மேல். விரலால் வாசிப்பீர்களா, வில்லையால் அடிப்பீர்களா? பாட்டுக்குத் துணையாகவா, தனியாகவா? முடிந்தால் அவர் எதிரில் அரைமணி நேரம் வாசித்தே காட்டுங்கள். பிறகு பலகையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடம் விட்டுவிடுங்கள். வியாபாரிகள் பலகையின்மேல் போடும் முதல் தரம், இரண்டாம் தரம் என்ற முத்திரைகளைக் கண்டு மயங்க வேண்டாம். அவை பெரும்பாலும் கண்ணுக்கான தரங்கள். ரேகை சீராக இருக்கிறதா, நிறம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துப் போடுகிறார்கள். கரடி நகத்தால் கீறியது போல் குறுக்குச் சுழிகள் விழுந்த பலகையை ஒரு காலத்தில் குறைப்பட்டதென்று ஒதுக்கினார்கள். இன்றோ அழகென்று அதற்கு அதிக விலை கேட்கிறார்கள். பலகை அப்படியே இருக்கிறது, நாகரிகந்தான் மாறியது. ரேகைகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றனவோ அவ்வளவு உயர்ந்த நாதம் என்பதும் முழு உண்மையன்று. அகன்ற ரேகையுள்ள சிவப்பு ஸ்ப்ரூஸில் அருமையான வாத்தியங்கள் பிறந்திருக்கின்றன. தேய்பிறையில் வெட்டிய மரமே பாடும் என்ற நம்பிக்கை ஆல்ப்ஸ் பிரதேசத்தில் உண்டு. நம் ஊரிலும் மூங்கிலுக்கு அப்படிச் சொல்வார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம், அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டுமா என்பதை யோசித்துக் கொள்ளட்டும்.

ரேகையைப் பற்றிச் சொன்னதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. கிதாரின் பாதி மேற்பலகை சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். ஒரு வளையத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 வளையங்கள். அதாவது 200 வருஷங்கள். மையத்தையும் பட்டையையும் கழித்தே இந்தப் பலகை கிடைப்பதால் மரத்தின் வயது இன்னும் அதிகம். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்த நாளில் துளிர்த்த மரம் ஒருவருடைய மடியில் கிதாராக அமர்கிறது என்றால், அதைப் பிளப்பதற்கு முன் யாரும் ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். நட்டு வைத்துப் பேரனுக்கு உபயோகமாகும் மரமன்று இது. பேரனுடைய பேரனுக்கும் போதாது.

காடோ நமக்காகக் காத்திருக்கவில்லை. வட இத்தாலியில் பனேவெஜ்ஜோ என்னும் காட்டுக்குப் ‘பிடில்களின் காடு’ என்று பெயர். கிரெமோனா நகரத்து ஸ்ட்ராடிவாரி தமது பிடில்களுக்கு இங்கிருந்துதான் மரம் எடுத்தார் என்பது அவ்வூர் ஐதீகம். 2018 அக்டோபர் 29ந் தேதி ‘வையா’ என்று பெயரிட்ட சூறாவளி அந்தப் பிரதேசத்தில் வீசிற்று. சில இடங்களில் காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. வடகிழக்கு இத்தாலியில் சுமார் 80 லட்சம் கன மீட்டர் மரம் ஒரே இரவில் தரையில் சாய்ந்தது. பிடில்களின் காட்டுக்கும் சேதம். விழுந்த மரத்தில் பட்டை வண்டு பெருகி, நின்ற மரத்தையும் தாக்கத் தொடங்கிற்று.

அலாஸ்காவில் சூறாவளி வேண்டியிருக்கவில்லை. அங்கே 1950களில் காகிதக் கூழ் ஆலைகளுக்கு ஐம்பது வருஷ ஒப்பந்தம் செய்துகொடுத்து அமெரிக்க சர்க்காரே பழங்காடுகளைத் திறந்து விட்டது. பிடிலும் கிதாரும் ஆகியிருக்கக் கூடிய மரங்கள் கூழாகிப் போயின. ஆலைகள் 1990களில் மூடப்பட்டன. 1971ம் வருஷத்துச் சட்டத்தின்படி அந்நாட்டுப் பூர்வ குடிகளுக்கு நிலத்தில் ஒரு பகுதி கிடைத்து, அவர்களும் கம்பெனி அமைத்து மரம் வெட்டினார்கள். அப்போது கிதார் கம்பெனிகளின் தலைவர்கள் அவர்களிடம் சென்று, காட்டை மொட்டையடிக்காமல் நிதானமாக வெட்டும்படி வேண்டிக்கொண்டார்கள். இந்த வரலாற்றை 2012ல் வெளிவந்த ‘மியூஸிக்வுட்’ என்னும் படத்தில் காணலாம். வேண்டுகோள் நியாயமானதே. ஆனால், அரை நூற்றாண்டு காலம் பிறர் காட்டை அழித்தபோது கேட்காத உபதேசத்தை, தங்கள் கைக்கு நிலம் வந்த மறுநாள் கேட்க நேர்ந்த பூர்வ குடிகளுக்குக் கசந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. அடிமைப்பட்டிருந்த எந்தத் தேசத்தாருக்கும் அந்தக் கசப்பு விளங்கும். அதிலும், அங்கே வெட்டிய மரத்தில் கிதாருக்குப் போனது கைப்பிடியளவுதான். பெரும்பகுதி கட்டட மரமாகக் கப்பலேறிற்று.

இதனால் நல்ல தச்சர்கள் சிலர் வேறு வழி தேடுகிறார்கள். பழைய பாலங்களிலும் மிதவைகளிலும் கிடந்த கட்டைகளை அறுத்துப் பார்க்கிறார்கள். நின்றபடியே பட்டுப்போன மரத்தை எடுக்கிறார்கள். சிலர் இரண்டு துண்டுக்குப் பதில் மூன்று நான்கு துண்டுகளை ஒட்டி மேற்பலகை செய்கிறார்கள். இதற்குச் சிறிய மரமே போதும். நன்றாக ஒட்டிய மூட்டில் நாதத்துக்குக் குறைவில்லை. வாங்குகிறவரின் கண்தான் ஒப்புவதில்லை. உங்கள் தச்சர் அத்தகைய பலகையை எடுத்துக் காட்டினால் மட்டமான சரக்கென்று முகம் சுளிக்காதீர்கள், தட்டிக் கேளுங்கள்.

முதுகுப் பலகைக்கு வருவோம். இங்கேதான் நமது தேசம் கதைக்குள் நுழைகிறது. ஒரு காலத்தில் பிரேஸில் தேசத்து ரோஸ்வுட்டே கிதார் முதுகுக்கு ராஜா. அந்நாட்டார் 1960களின் கடைசியில் அடிமரம் ஏற்றுமதியைத் தடுத்ததும் மார்ட்டின் கம்பெனியார் 1969ல் நமது ஈட்டி மரத்துக்குத் திரும்பினார்கள். அன்று முதல் நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் உலகமெங்கும் கிதார் முதுகாக இருக்கிறது. அந்த மரத்தைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994ல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் உலக ஒப்பந்தப்படி அதன் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019 நவம்பரில் விலக்குக் கொடுத்தார்கள்.

இத்தனை ஆரவாரமும் நாதத்துக்காகத்தானா? இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018ல் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். மற்ற எல்லாவற்றிலும் கூடியவரை ஒன்றுபோல், முதுகும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரமாக ஆறு கிதார்கள் செய்யப்பட்டன. பிரேஸில் ரோஸ்வுட்டும் நமது ஈட்டியும் அவற்றில் உண்டு. மலிவான மரங்களும் உண்டு. 52 வாசிப்பாளர்கள், மங்கிய வெளிச்சத்தில், பற்றவைப்புத் தொழிலாளிகள் அணியும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். விலையுயர்ந்த மரத்துக்கு அவர்கள் கொடுத்த மார்க்கும் மலிவான மரத்துக்குக் கொடுத்த மார்க்கும் ஏறக்குறைய ஒன்றே! டோரஸ் காகித அட்டையால் சொன்னதைக் கறுப்புக் கண்ணாடி மறுபடியும் சொல்லிற்று. ஆகவே முதுகுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை மேற்பலகைக்கும் தச்சரின் கூலிக்கும் மாற்றிக் கொடுப்பதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்ப்ரூஸ் நம் தேசத்தில் இல்லவே இல்லை என்று எண்ண வேண்டாம். மேற்கு இமயத்தில் அதன் இனத்தைச் சேர்ந்த மரம் ஓங்கி வளர்கிறது. ஹிமாசலப் பிரதேசத்தில் அதை நெடுங்காலம் ஆப்பிள் பெட்டி செய்ய அறுத்துத் தள்ளினார்கள். அதில் எந்த மரம் பாடக் கூடியது, எது பெட்டிக்குத்தான் லாயக்கு என்று தச்சரும் வனத்துறையாரும் சேர்ந்து உட்கார்ந்து தட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும். காட்டை வெட்டச் சொல்லவில்லை. தானே விழுகிற மரங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கடைசியாக, கிதார் கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது. இவற்றைச் செய்யும் பட்டறைகளில் காற்றின் ஈரத்தை நூற்றுக்கு 45, 50 என்ற அளவில் வைத்து ஒட்டுகிறார்கள். சென்னைக் கடற்கரைக் காற்றில் ஈரம் பெரும்பாலும் 70க்கு மேல். பலகை குறுக்குவாட்டில் ஊதும். அப்படியே குளிர்சாதன அறைக்குள் கொண்டுபோய் மாதக் கணக்கில் வைத்தால் சுருங்கி வெடிக்கும். உறைக்குள் ஈரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றைப் போட்டு வையுங்கள், விலை அதிகமில்லை. ஐப்பசி கார்த்திகையில் மேற்பலகை வயிறு எழும்பி, தந்திகள் விரலுக்கு எட்டாத உயரத்தில் நின்றால், தச்சரோடு சண்டைக்குப் புறப்படுமுன் அந்தக் கருவியின் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.